மேட்டூர் மெக்கானிக்

என் வீட்டுக்காரர் கச்சேரிக் குழுவில் வாசிக்கும் சிந்தசைசர் எங்கள் மூத்த மகளைவிட வயதில் பெரியது. கட்டைகளும் திருகுகளுமாகக் கனத்த பெட்டி. இந்தக் காலத்து கீபோர்டு போல அதற்குள் பதிந்து வைத்த சத்தம் எதுவும் கிடையாது. உள்ளே ஓடும் கரண்டுதான் சத்தமாகிறது. அதனால் வெயில் ஏறினால் சுருதி நகரும், ஈரம் பட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். சம்பந்தி வீட்டார் போல, இன்றைக்கு இருக்கும் குணம் நாளைக்கு இருக்காது.

அதற்கு உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் இல்லை. பழைய இரும்புக் கடையில் செத்த ரேடியோ, டிவி எல்லாம் எடைக்கு வாங்கி வந்து பிரிக்க வேண்டும். பிரிப்பது நான்தான். படித்தது ஐந்தாவது. கல்யாணத்துக்கு முன் சேலத்தில் ரேடியோப் பாகங்களைப் பூட்டும் பட்டறையில் ஒயர்களுக்கு ஈயம் உருக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ரெசிஸ்டர் என்ற பொடிப் பாகத்தின் மேலிருக்கும் வண்ணக் கோடுகள், ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகளான எனக்குச் சேலைக் கரை மாதிரி. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. கட்டைக்கு அடியில் தேய்ந்துபோன ஒரு கம்பிக்குப் பதில், என் அறுந்த கொலுசின் வெள்ளிக் கம்பிதான் இருக்கிறது. இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

யாராவது, "யாருங்க சரி பண்ணுனது?" என்று கேட்டால் நான்தான் என்று சொல்ல எனக்கு வெட்கம். ஒருநாள் வாய்க்கு வந்தபடி, "மேட்டூர்ல ஒரு மெக்கானிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அதோடு அந்த ஆள் வளர ஆரம்பித்தார். குழுவின் தபேலாக்காரர் அவருக்குப் பெரிய மீசை வைத்தார். என் வீட்டுக்காரர், "கோவக்காரருங்க, நேர்ல யாரையும் பாக்க மாட்டாரு" என்று முடித்துவிட்டார்.

போன ஆடியில் ஓமலூர்ப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்குக் கச்சேரி. குழுத் தலைவர் என் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் பொட்டி மக்கர் பண்ணுச்சுன்னா மன்னிச்சுக்கங்கண்ணா. அடுத்த மாசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

கச்சேரியன்று காலையிலிருந்து வீட்டுக்காரர் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் பெட்டியை அரைமணி நேரம் சூடேற விட்டுச் சுருதி சேர்த்தோம். நான் ஈயமும் உதிரிப் பாகங்களும் போட்ட கூடையோடு மேடையிலிருந்து இறங்கிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். பூசாரி மேடையேறி ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தார். எப்போதும் அவர் வரும்போது பெட்டிமேல் துண்டைப் போட்டுவிடுவோம். அன்றைக்கு இருந்த பயத்தில் என் வீட்டுக்காரர் அதை மறந்து, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார். பூசாரி வேப்பிலைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பெட்டிமேல் தாராளமாகத் தெளித்தார்.

பெட்டி 'ஊஊய்' என்று கத்தியது. கட்டையைத் தொட்டால் சுருதி மேலே மேலே ஓடியது. அம்மன் இறங்கிவிட்டதாகக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பம்பைக்காரர் அடியை வேகப்படுத்தினார்.

குழுத் தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோதும் என் வீட்டுக்காரர் பார்வை என் மேலேயேதான் இருந்தது.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மேடையேறினேன். பெட்டிக்கு வரும் கரண்டை மட்டும் நிறுத்தித் திறந்தால், சுருதித் திருகுக்குள் மஞ்சள் தண்ணீர். கூடையில் ஒரு ரேடியோவின் வால்யூம் திருகு இருந்தது. மூன்று ஒயர்தான். ஈயம் வைக்கும் இரும்பு சூடானதும் நனைந்த திருகைக் கழற்றிவிட்டு இதைப் பற்றவைத்தேன்.

"இது ஏது புள்ள?" என்றார் அவர்.

"நம்ம கல்யாணச் சீர் ரேடியோவுதுங்க."

"அடிப்பாவி, அதையுமா பிரிச்சுப்போட்ட?"

"அது பாடியே பல வருசமாச்சுங்க. பேசாம கட்டையப் புடிங்க."

பக்கத்தில் மைக் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஊரே சிரித்தது. தபேலாக்காரர் மைக்கைப் பிடித்து, "ஏனுங்கண்ணி, மேட்டூர் மெக்கானிக்குக்கு மீசையே இல்லீங்களே!" என்றார்.

கரண்டைப் போட்டுத் திருகை மெல்லத் திருப்பினேன். ஓடிய சுருதி இறங்கி இறங்கி வந்து ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தது. அவ்வளவு பேர் நடுவில் இறங்க வெட்கப்பட்டு, கச்சேரி முடியும் வரை பெட்டிக்குப் பின்னாலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கிளம்பும்போது குழுத் தலைவர் சொன்னார்: "அடுத்த மாசம் நாமக்கல்லுங்கண்ணா. அண்ணியையும் கூட்டிட்டு வந்துருங்க."

மறுநாள் காலை பூசாரி எங்கள் வாசலில் நின்றார். கோயிலின் மின்சார மேளத்தை வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "இதுமேலயும் தண்ணி பட்டுருச்சுங்கம்மா."

"வெச்சுட்டுப் போங்க சாமி," என்றேன், தலையைக் குனிந்தபடியே. "மேட்டூருக்குக் குடுத்தனுப்பறேன்."