பத்தாவது பெயர்

எபினேசர் பன்னிரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தது ஒரே ஒரு வகைக் காகிதத்தை. பதினேழாம் நூற்றாண்டில், கப்பல் கட்டணத்துக்கு வழியில்லாத ஆங்கிலேய ஏழைகள், வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களில் இத்தனை ஆண்டு உழைக்கிறோம் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். ஒரே தாளில் அதை இரு பிரதியாக எழுதி, பின்னால் பொருத்திப் பார்க்க வசதியாக வளைவு வளைவாக வெட்டி இரண்டாக்குவார்கள். ஒரு பாதி எஜமானுக்கு, மறுபாதி உழைப்பவனுக்கு.

அமெரிக்கா போக விசா கிடைக்கவில்லை. ஒரகடத்து வாடகை வீட்டில் அந்த ஆவணங்களின் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். டாக்டர் பட்டம் வந்தது. வாலாஜாபாத் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் வரலாற்று ஆசிரியர் வேலையும் வந்தது.

இந்த ஆண்டு நிர்வாகம் சொல்லிவிட்டது: பத்துப் பேர் சேராவிட்டால் வரலாற்றுத் துறை மூடப்படும். ஷிப்ட் முடியும் நேரங்களில் கம்பெனி வாசல்களில் நின்று, துண்டறிக்கை கொடுத்து, ஒன்பது பேரைச் சேர்த்தார். பத்தாவது கங்கா, உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் அசல் சான்றிதழோடு வர வேண்டியவள், காலையில் போன் செய்தாள்.

“சார், மார்க்‌ஷீட்டு, டிசி எல்லாம் வேலைக்கு சேத்துவுட்ட ஏஜென்ட் எல்லப்பன்கிட்ட கீது. பதினோரு மாச கான்ட்ராக்ட் முடிஞ்சாதான் தருவாராம்.”

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் எதிரே எல்லப்பனின் அலுவலகம். ஓர் இரும்பு பீரோ, அதன்மேல் வல்லக்கோட்டை முருகன் படம். ஊரார் பிள்ளைகளின் படிப்பைப் பூட்டி வைத்து, அதற்குக் காவலாக ஒரு சாமி!

“அடுத்தவங்க சான்றிதழைப் பூட்டி வைக்க எந்தச் சட்டம் சொல்லுது?” என்று கேட்டார் எபினேசர்.

“இன்னா சார், வக்கீலாட்டம் பேசற? ஒரிஜினல் கைல இருந்தா பாதிப் பொண்ணுங்க லீவுக்குப் போயி திரும்பி வராதுங்களே!”

“முந்நூத்தம்பது வருஷம் முன்னால, கப்பல்ல போன கூலிக்காரன் கையில பாதிக் காகிதமாவது இருந்துச்சுய்யா. இந்தப் பொண்ணு கையில என்ன இருக்கு?”

“கப்பலா?” எல்லப்பன் சிரித்தான். “அத்த வுடு. உன் ஒரிஜினல் எங்க கீது? எங்க அண்ணன் பொண்ணும் காலேஜ்லதான் டீச்சரா கீது சார். எனக்குத் தெரியாதா இன்னா?”

எபினேசரின் பள்ளிச் சான்றிதழ் முதல் டாக்டர் பட்டம் வரை எல்லாமே நான்கு ஆண்டுகளாகக் கல்லூரி லாக்கரில். சேர்ந்த அன்று கேட்டார்கள், கொடுத்தார். ஒரு சீட்டுகூட வாங்கவில்லை. முந்நூறு பக்க ஆய்வேட்டை எழுதிய மனிதருக்கு அன்று அந்த எண்ணமே வரவில்லை.

வெறுங்கையோடு கல்லூரிக்குத் திரும்பியபோது மணி நாலரை. பட்டியலில் ஒன்பது பெயர்.

“விடுங்க எபினேசர்,” என்றார் முதல்வர். “திங்கக்கிழமையிலேர்ந்து கம்பெனி ட்ரெய்னிகளுக்கு இங்கிலீஷ் எடுங்க.”

“என் சான்றிதழைக் குடுத்துடுங்க சார். நான் போறேன்.”

“வருஷம் ஆரம்பிக்கிற நேரத்துலயா? ஏப்ரல்ல பார்க்கலாம்.”

“வாங்கி வச்சிருக்கோம்னு ஒரு வரியாவது எழுதிக் குடுங்க.”

“அப்படி யாருக்கும் குடுக்கறதில்லையே.”

சட்டைப்பையில் போன் அடித்தது. கங்கா. “சார், வாங்கிட்டீங்களா? காலேஜ் கேட்டாண்ட நிக்கிறேன்.”

முதல்வர் காத்திருந்தார். “இல்லம்மா,” என்றார் எபினேசர். “என்னோடதையும் தரல.”