பட்டைத் தண்ணீர்

கல்லூரி ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கிருமி வளர்த்துக் கொடுப்பது என் வேலை. அதனாலோ என்னவோ, யார் எந்த மருந்தைப் புகழ்ந்தாலும் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று மேலகரத்தில் இருக்கும் என் அண்ணன், கால் பெருவிரல் புண்ணுக்கு ஊற்றுகிற பாட்டிலைக் காட்டியபோதும் வந்தது. ஐந்தருவி சீசன் கடையில் வாங்கிய மருதம்பட்டைத் தண்ணீராம். அண்ணன் சர்க்கரை நோயாளி வேறு.

"ஆஸ்பத்திரிக்கு வாண்ணே."

"போனா வெரலை எடுத்துருவான். இதுலயே காயுது பாரு."

காய்ந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

பாட்டிலில் கொஞ்சம் வாங்கிவந்து, கிருமி தடவிய ஜெல்லித் தட்டில் சின்னக் குழி போட்டு, அதில் ஊற்றினேன். மறுநாள் குழியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம், அதற்குள் கிருமி இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு எரிச்சல்தான் வந்தது. மருதம்பட்டைக்குக் கிருமியைத் தடுக்கும் குணம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் சும்மா தண்ணீரில் ஊறியது இத்தனை பெரிய வட்டம் போடுமா? கடைக்காரர் ஏதாவது மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறாரோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்கே போய்விட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பட்டைய எதுல ஊறப்போடுதீய?"

"பட்டைலதான்."

"பட்டைய பட்டைலயா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தப் பட்டை, அக்கா. தண்ணில போட்டா சீக்கிரமே நாறிப்போவும்லா."

எங்கள் பக்கம் பட்டை என்றால் மரத்தோலும்தான், திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிற சாராயமும்தான். மருதம்பட்டையின் காட்டமான வாடை சாராய வாடையை மூடியிருந்ததால் இது எனக்கு முதலிலேயே உறைக்கவில்லை. அடுத்த தட்டில் மருந்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கலந்த வெறும் ஸ்பிரிட்டையும் விட்டுப் பார்த்தேன். இரண்டு வட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அண்ணனை இன்றைக்கு மடக்கிவிடலாம் என்று, தட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு மேலகரத்துக்கு ஓடினேன்.

"நீ இத்தனை நாளும் ஊத்துனது சாராயம்ண்ணே."

அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்ததை என் கண்ணெதிரே புண்ணில் கவிழ்த்தான். "ஏட்டி, சாராயம்னா எரியாதா? எனக்கு ஒரு நாளும் எரிஞ்சதே இல்ல."

அவன் முகத்தையே பார்த்தேன். ஒரு சுளிப்பு இல்லை. திறந்த புண்ணில் சாராயம் வழிந்துகொண்டிருந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். புண்ணுக்குப் பக்கத்தில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. போட்டோவைக்கூடக் காட்டவில்லை. தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு, அவன் திட்டத் திட்ட ஏற்றினேன்.

தென்காசி ரோட்டில் திரும்பும்போது கேட்டான், "இப்ப எதுக்குட்டி அழுத?"

"உனக்கு எரியலையேண்ணே."