பதில் சொன்ன குரல்கள்

எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, வலிக்குச் சமமாக என்னை எரிச்சல்படுத்தியது அந்த டெல்லி ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்களின் பேச்சு. டாக்டரம்மா, "டிரிப்ஸை மெதுவாக்கு" என்பார். ஒரு நர்ஸ் உடனே, "டிரிப்ஸை மெதுவாக்கறேன்" என்பாள். கொஞ்ச நேரத்தில், "மெதுவாக்கியாச்சு" என்பாள். எல்லாம் இந்தியில், எல்லாம் உரக்க. ஒரு தடவை சொன்னால் போதாதா? இவர்கள் என்ன கிளிப்பிள்ளைகளா?

மூத்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துக்காரர், டெல்லிக்கு வந்து தலை நரைத்தவர். நான் வலியில் "அம்மா" என்று கத்தியதிலேயே தமிழ்க்காரி என்று கண்டுபிடித்துவிட்டார். அவரிடம் கேட்டேன்:

"ஏன் சிஸ்டர், இங்க யாருக்கும் காது கேக்காதா?"

"காதெல்லாம் நல்லாக் கேக்கும் மக்களே. சொன்னவருக்கு, நமக்குக் கேட்டுச்சுன்னு தெரியாண்டாமா?" அவர் ஊரில் பிள்ளைகளை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

எனக்கு அது ஏறவில்லை. லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே ஆபீஸுக்குப் போய்வருகிற அரசு ஊழியர் நான். "அச்சா, நீங்க பார்த்துப்பீங்கன்னு நினைச்சேன்" என்று ஒருவரும், "யாரு, நானா?" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டே காலம் தள்ளுகிற இடம் எங்கள் பிரிவு. ஃபைல் தூங்கும். அதனால் இதுவரை யாரும் செத்ததில்லை.

மதியம் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் என் மகள் பிறந்தாள். அழுகுரல் கேட்டது, முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்துச் சூடுபடுத்துவதற்காக மூலையில் இருந்த மேஜைக்கு ஒரு நர்ஸ் அவளைத் தூக்கிப் போய்விட்டாள். நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. யாரும் என்னிடம் சொல்லவில்லை. அவர்கள் பேச்சு சட்டென்று சுருங்கியதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன். மூத்த நர்ஸ் என் அடிவயிற்றை மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தார்.

"ஊசி" என்றார் டாக்டரம்மா.

"ஊசி போடறேன்."

"போட்டாச்சு."

எனக்குக் கைகால் சில்லிட்டது. பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

டாக்டரம்மா குனிந்தபடியே, "ரத்தத்துக்குப் போன் பண்ணுங்க" என்றார்.

பதிலே வரவில்லை.

டிரிப்ஸ் பக்கம் நின்றவள், பிள்ளையிடம் இருப்பவள் பண்ணுவாள் என்று நினைத்திருப்பாள். அவள் இவளை நினைத்திருப்பாள். எங்கள் ஆபீஸாக இருந்தால் சாயங்காலம்தான் விஷயம் வெளியே வந்திருக்கும். மூத்த நர்ஸ் என் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"ரத்தம் கேட்டாங்க. ஒருத்தரும் பதில் சொல்லலை. கௌன் கரேகா? யார் பண்றது?"

"நான் பண்றேன்" என்று வாசல் பக்கமிருந்து ஒரு குரல். டியூட்டி முடிந்து, தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்த நர்ஸ் அவள். பையை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"சொல்லியாச்சு. ஆள் கொண்டுவர்றான்."

ரத்தம் வந்தது, ஏறியது. போக்கும் மெல்ல மெல்ல நின்றது. அதுவரை அவளும் வீட்டுக்குப் போகவில்லை, என் கால்மாட்டிலேயே நின்றாள். முகக்கவசம் போட்டிருந்ததால் நன்றி சொல்வதற்குக்கூட முகம் தெரியாது. மெட்ரோவில் எதிரே உட்கார்ந்தாலும் எனக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. எங்கிருந்தாலும் அவள் நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும். கிளிப்பிள்ளைப் பேச்சு என்று நான் நினைத்ததை இன்றைக்கு நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

எல்லாம் அடங்கியபிறகு மூத்த நர்ஸ், துணியில் சுற்றிய என் மகளைக் கொண்டுவந்தார்.

"பொம்பளப் பிள்ளை. அம்மாகிட்ட குடுக்கேன்" என்று அறைக்கே கேட்கச் சொல்லி, என் மார்பில் வைத்தார். ஆனால் கையை எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"வாங்கிக்கிட்டேன்" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது.

"கேக்கலியே மக்களே."

"வாங்கிக்கிட்டேன் சிஸ்டர்!"

அதற்கப்புறம்தான் கையை எடுத்தார்.