கல்லீரலில் அடைத்த ஊற்று

வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். சோற்றில் கை வைத்தால் நாலு வாயில் போதும் என்றாகிவிடும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் நாற்பது வருசம் நின்ற உடம்புக்கு இதெல்லாம் ஒரு நோவா என்று இரண்டு மாதம் ஓட்டினேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நான் போர் (ஆழ்துளைக் கிணறு) போடாத ஊர் இல்லை. குழாய் தூக்கும் கூலியாகப் போனவன், சொந்தமாக இரண்டு ரிக் ஓட்டினேன். இன்ஜினியர்களே என்னிடம் கேட்டுவிட்டுத்தான் இடம் குறிப்பார்கள்.

ஸ்கேனில் கல்லீரல் புற்றுநோய் என்று வந்தது. பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இருப்பதால் வெட்டி எடுக்க முடியாது என்றார். கீமோ எம்போலைசேஷன் (கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி, குழாயையும் அடைப்பது) செய்யலாமாம்.

ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். உள்ளே ரவையை விடப் பொடியாக நீல மணிகள். மணிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள். சிவப்பு மருந்தில் ஊறவைத்தால் குடித்துக்கொள்ளும். கட்டிக்குள் போய் நாள்கணக்கில் கசியும்.

"அப்போ உள்ளயே சொட்டு நீர்ப் பாசனம்னு சொல்லுங்க."

"அப்படித்தாங்க. கூடவே அந்தக் குழாயையும் அடைச்சிடும்."

அங்கேதான் எனக்கு இடித்தது. எங்கள் தொழிலில் ஊற்றைச் சேறு அடைத்தால் போர் செத்தது. "ஊத்த அடைக்கிறவங்ககிட்ட உடம்பக் குடுக்க மாட்டேங்க" என்று எழுந்து ரயிலேறிவிட்டேன்.

மூன்று வாரம் வீட்டில் கிடந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் டாக்டரம்மா செய்வது தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்விக்குப் பொறுக்கவில்லை. "பாதி கேட்டுட்டு எந்திரிச்சு வந்துட்டு, வூட்ல உக்காந்து டாக்டருக்கே பாடம் எடுக்கறீங்க. மீதியப் போய்க் கேளுங்க."

போனேன். டாக்டரம்மா தாளில் படம் போட்டார். "கல்லீரலுக்கு ரெண்டு வழியில ரத்தம் வருது. நல்ல பகுதி பெரும்பாலும் குடல் பக்கமிருந்து வர்ற குழாயில பொழைக்குது. கட்டி இன்னொரு குழாயில உறிஞ்சுது. அதுல ஒரு கிளையைத்தான் அடைக்கிறோம்."

மேல் ஊற்று உப்பென்றால், கேசிங் குழாய் இறக்கி அதை அடைத்துவிட்டுக் கீழ் ஊற்றை மட்டும் எடுப்பவன் நான். எத்தனை தோட்டத்தில் செய்திருப்பேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்றதுக்குள்ள ரயிலேறிட்டீங்களேங்க."

அந்த மூன்று வாரத்தில் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. என் பெருமையை எழுதுகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும். இதைப் படிக்கும் நோயாளிகள், கேள்வி கேளுங்கள். பதில் முடியும்வரை உட்கார்ந்தும் கேளுங்கள்.

தொடை வழியாக நூல் போன்ற குழாயை விட்டார்கள். மரத்துப்போக ஊசி மட்டும்தான், விழித்தே இருந்தேன். திரையில் என் ரத்தக்குழாய்கள் கிளை கிளையாகத் தெரிந்தன.

"இந்த மணி அப்புறம் எங்க போகும்?"

"இது உள்ளயே இருக்கும். மாவுச்சத்துல செஞ்சது கரைஞ்சிடும். இறால் ஓட்டுச் சத்துலயும் துளையுள்ள சுண்ணாம்புத் தூள்லயும் செஞ்சு பாக்கறாங்க, இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இப்போ பேசாம மூச்சப் பிடிங்க."

பிறகு சில நாள் காய்ச்சலும் வலியும். கட்டி சாகும்போது வருவதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அடுத்த ஸ்கேனில் பெரும்பகுதி செத்திருந்தது. ஓரத்தில் கொஞ்சம் உயிரோடிருக்கிறது. இன்னொரு முறை மணி போட வேண்டியிருக்கலாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்துவிட்டுச் சொல்வார்களாம். செத்ததும் சாகாததும் என் விலாவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கின்றன. இருமினால்கூட இப்போது பார்த்து இருமுகிறேன்.

வருகிற வழியில் ரயிலில் செல்வி கேட்டாள். "மூணு மாசம் என்னங்க பண்ணப்போறீங்க?"

"இருக்கப்போறேன்" என்றேன்.