முப்பதாவது கிலோமீட்டர்

பூர்ணமான் ராய் மலைநாட்டுக்காரன், அதனால்தான் இப்படி ஓடுகிறான் என்று முகாமில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது பொய். நேபாளத்துக் கோடாங் மலையில் இருந்த இருபத்தாறு வருடத்தில் அவன் ஒரு நாளும் ஓடியதில்லை. முதுகில் மூட்டையோடு ஏறுகிறவனுக்கு ஓட ஏது மூச்சு? அவன் ஓடக் கற்றுக்கொண்டது இந்தத் தட்டையான பாலைவன நகரத்தில்தான். தொழிலாளர் முகாமைச் சுற்றி முள்கம்பி வேலி. ஒரு சுற்று எண்ணூறு மீட்டர். வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ் வருவதற்கு முன்னால் தினமும் எட்டுச் சுற்று ஓடுவான். வேலிக்கு வெளியே ஓடலாமே என்று யாராவது கேட்டால் சிரிப்பான். முகாமின் உடுப்போடு விடியற்காலையில் நெடுஞ்சாலையில் ஓடுகிறவனைப் பார்த்தால் காவலர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

நாற்பத்தொரு வயது. கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் பதினான்கு பேருக்கு மேஸ்திரி. பதினான்கு பேரும் நேபாளிகள், எல்லோருக்கும் அவன் ‘அண்ணே’தான். ஆஸ்பத்திரியில் அரபியில் பேசுவதும், ஊருக்குப் பணம் அனுப்பும் படிவம் நிரப்புவதும், அறைச்சண்டையை விலக்குவதும் அவன் வேலை. அடையாள அட்டைகளைப் பத்திரப்படுத்துவதும் அவன்தான். வெள்ளிக்கிழமை கடைவீதிக்குப் போய் ஒருவன் அட்டையைத் தொலைத்துவிட்டால் புதிது வர ஒரு மாதம் ஆகும், அபராதமும் உண்டு. ஆகவே எங்காவது கூட்டமாகக் கிளம்பும்போதெல்லாம் அவன் எல்லோருடைய அட்டையையும் வாங்கி ஒரு ரப்பர் பேண்டு போட்டுத் தானே வைத்துக்கொள்வான். அட்டை அவரவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று முகாம் வாசலில் ஐந்து மொழியில் எழுதி மாட்டியிருந்தது. அதில் நேபாளியும் ஒன்று. அதைப் பூர்ணமான் பலமுறை படித்திருக்கிறான். அது மற்ற மேஸ்திரிகளுக்கு எழுதியது, தான் வாங்குவது அக்கறையால் அல்லவா என்று நினைத்துக்கொள்வான். பிறர் உரிமையைத் தன் பையில் வைத்திருக்கிற ஒவ்வொருவனும் அதற்கு அக்கறை என்றுதான் பெயர் வைக்கிறான்.

கம்பெனியின் நிர்வாக மேலாளர் விஸ்ஸாம் லெபனான்காரர். முந்தின வருடம் நகரத்தின் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானை நாலு மணி நேரம் பதினோரு நிமிடத்தில் ஓடி முடித்து, அந்தப் பதக்கத்தை மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். பூர்ணமான் வேலியைச் சுற்றி ஓடுவது அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தார். கிளம்பும்போது தோளில் தட்டி ஒரு பேச்சுச் சொன்னார். நாலு மணி நேரத்துக்குள் முடிப்பவன்தான் ஓட்டக்காரனாம், அதற்கு மேலே போகிறவர்கள் எல்லாம் நடக்கிறவர்களாம், என்னையும் சேர்த்துத்தான் என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பூர்ணமான் மனதில் தைத்தது. பதினைந்து வருடமாக இந்த ஊரில் அவன் ஒரு எண். தலைக்கவசத்தில் எண், கட்டிலில் எண், பஸ்ஸில் எண். அந்தப் பந்தயத்தில் ஓடினால் முடிவுகளில் அவன் முழுப்பெயர் வரும், பக்கத்தில் நேரம் வரும், அது மூன்றில் தொடங்கும். மேலாளரின் நேரம் நாலில் தொடங்கும். வேறு எந்த இடத்தில் அவன் விஸ்ஸாமுக்கு முன்னால் நிற்க முடியும்?

அந்த வருட மாரத்தானுக்கு அதிக ஆட்களைக் கூட்டிவரும் கம்பெனிக்கு ஒரு கோப்பை அறிவித்திருந்தார்கள். விஸ்ஸாம் மேஸ்திரிகளை அழைத்துப் பேசினார். ஆளுக்கொரு பனியனும் காலை உணவும் கிடைக்கும். பத்து கிலோமீட்டர் நடந்தால் போதும், அங்கே பஸ் நிற்கும், ஏற்றிக்கொண்டு வந்துவிடும். பூர்ணமானுக்கு மட்டும் தனியாக ஒரு சலுகை உண்டு. அவன் தன் ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிவந்தால் அவனுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஓடுவதற்கென்றே செய்த காலணியும் தருவார்.

பந்தயம் நடப்பது வெள்ளிக்கிழமை, வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வுநாள். துணி துவைக்க வேண்டும், வீட்டோடு பேச வேண்டும், தூங்க வேண்டும். நரஜித் தாமாங் வாய்த்துடுக்கானவன், முப்பது வயது. “ஆறு நாள் கம்பெனிக்குக் குனியறோம். ஏழாவது நாள் கம்பெனிக்கு நடக்கணுமாண்ணே? எட்டாவது நாள்னு ஒண்ணு கண்டுபிடிங்க, அதுல தூங்கிக்கிறோம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பூர்ணமானும் சிரித்தான். யாரையும் அவன் மிரட்டவில்லை. அடுத்த வார ஓவர்டைம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே ஒவ்வொருவரிடமும் வருகிறாயா என்று கேட்டான், அவ்வளவுதான். பதினான்கு பேரும் வருகிறேன் என்றார்கள்.

பந்தயத்தன்று காலை மைதானத்தில் வழக்கம்போல அட்டைகளை வாங்கினான். பஸ் டிரைவரிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஓடுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் மெல்லிய இடுப்புப்பையில் தன் அட்டையோடு சேர்த்துப் போட்டு, பனியனை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். பூல்ராம் சௌத்ரி ரப்பர்ச் செருப்போடு வந்திருந்தான். தெராய் சமவெளிக்காரன், நாற்பத்தெட்டு வயது, அதிகம் பேசமாட்டான். வேலைப் பூட்ஸ் கனக்கும், பத்து கிலோமீட்டர்தானே என்றான். அது சரியென்றே பூர்ணமானுக்கும் பட்டது.

ஆறு மணிக்குத் தொடங்கியது. கடற்கரைச் சாலை, அப்புறம் ஊரைவிட்டு வெளியே போகும் நெடுஞ்சாலை, இருபுறமும் மணல். பாதி தூரத்தில் திரும்பி அதே சாலையின் மறுபக்கமாக வர வேண்டும். நடுவில் இடுப்பளவு பிளாஸ்டிக் தடுப்பு. பூர்ணமான் கடிகாரம் பிசகாமல் ஓடினான். பதினைந்து, இருபது, திருப்பம், இருபத்தைந்து. வேலிக்குள் சுற்றிச் சுற்றிப் பழகிய காலுக்கு நேர்ச்சாலை பெரிய விடுதலையாக இருந்தது. முப்பதாவது கிலோமீட்டர்ப் பலகையைத் தொடும்போது இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. இதே வேகத்தில் போனால் நாலு மணிக்கு ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும். ஒரே ஒரு நிமிடம்.

அங்கேதான் தடுப்புக்கு அந்தப் பக்கம் தன் ஆட்களைப் பார்த்தான்.

அவர்கள் அப்போதுதான் போகும் வழியில் பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இருந்தார்கள். பதினான்கு பேரும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தார்கள். பூல்ராமின் செருப்பு வார் அறுந்து, இரண்டையும் கையில் பிடித்திருந்தான். நரஜித் தடுப்போரமாக ஓடிவந்து, பூர்ணமானின் வேகத்துக்கு ஈடுகொடுத்தபடியே மூச்சிரைக்கச் சொன்னான். பத்தாவது கிலோமீட்டரில் பஸ் இல்லை. மற்ற மேஸ்திரிகளின் ஆட்கள் ரவுண்டானாவில் டவுன் பஸ் பிடித்து முகாமுக்குப் போய்விட்டார்கள். இவர்களும் பந்தயப் பாதையை விட்டு இறங்கப் போனார்கள். அங்கே நின்ற காவலர் அட்டை கேட்டார். இல்லை என்றதும், மரியாதையாகத்தான், பந்தயத்துக்குள்ளேயே போகச் சொல்லிவிட்டார். அதே ரவுண்டானாவில் ஓட்டத்தை விட்டு இறங்கிக் காப்பிக் கடைக்குப் போன வெள்ளைக்காரர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

“கார்டு எங்கண்ணே? கார்டு இருந்தா இப்படியே திரும்பிப் போயி பஸ் புடிச்சிருவோம்.”

அட்டைகள் பூர்ணமானின் வயிற்றில் உறுத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் கட்டு மேலும் கீழும் ஆடியது. நின்று, பையைத் திறந்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, தடுப்புக்கு மேலே நீட்ட வேண்டும். அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

“முடிச்சிட்டு வரேன். நடந்துக்கிட்டே இருங்க” என்றான்.

ஓடினான். பின்னால் நரஜித் இன்னொரு முறை ‘அண்ணே’ என்று கூப்பிட்டது கேட்டது. கேட்காத தூரத்தில் இல்லை அவன்.

மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடம் பன்னிரண்டு வினாடி. யாரோ ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தை மாட்டி, வாழைப்பழம் கொடுத்தாள். அந்த நிமிடமே அவன் பஸ்ஸைத் தேடிப் போயிருக்கலாம். ஓரமாக ஒரு கூடாரத்தில், பதக்கத்தின் பின்பக்கம் பெயரையும் நேரத்தையும் பொறித்துக் கொடுத்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. பூர்ணமான் அந்த வரிசையில் நாற்பது நிமிடம் நின்றான். பின்னாளில் அவன் மனம் முப்பதாவது கிலோமீட்டருக்காவது ஏதோ ஒரு காரணத்தைத் தேடிப் பார்த்தது. ஓட்டத்தின் வெறி, களைத்த மூளை, இப்படி எதையாவது. அந்த நாற்பது நிமிடத்துக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

பரிசளிப்பு மேடைக்குப் பின்னால் நிழலில் பஸ் நின்றது. டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார். பத்தாவது கிலோமீட்டருக்குப் போகும்படி தன்னிடம் யாருமே சொல்லவில்லை என்றார். சாலை அடைத்திருப்பார்கள், பஸ் எப்படிப் போகும் என்று திருப்பிக் கேட்டார். விஸ்ஸாமுக்கு ஆள் கணக்குத் தொடக்கக் கோட்டிலேயே கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

சுற்றுவழியில் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. நெடுஞ்சாலையை மீண்டும் வண்டிகளுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். தடுப்புகளும் தண்ணீர் மேசைகளும் போய்விட்டன. திருப்பத்தைத் தாண்டி நாலைந்து கிலோமீட்டர் வந்திருந்த பதினான்கு பேரும் சாலையோர மணலில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். குளிர்காலம்தான் என்றாலும் உச்சிவெயில் வெயில்தான். பூல்ராம் தன் பனியனைக் கிழித்து இரண்டு பாதத்திலும் சுற்றியிருந்தான். பந்தய எண் அச்சடித்த பாகம் இடது பாதத்தில் இருந்தது.

பஸ் நிற்பதற்கு முன்னால் பூர்ணமான் ஒரு காரியம் செய்தான். இருக்கையில் குனிந்து, இடுப்புப்பையைத் திறந்து, அட்டைக்கட்டை எடுத்து டிரைவரின் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் உறையில் போட்டான். அந்த உறையோடுதான் கீழே இறங்கினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தான். பதினான்கு அட்டை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கை அவனை அறியாமல் கடிகாரத்தின் நேரம் அளக்கும் பொத்தானை அழுத்தியிருந்தது.

பஸ்ஸில் பூல்ராம் ஜன்னலைப் பார்த்தபடி, எல்லாம் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டான். பூர்ணமானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த எழுத்து? பஸ்ஸை அனுப்பாதவருக்குப் பெயர் உண்டு, அறை எண் உண்டு. அட்டையைக் கொடுக்காதவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு மனிதன் செய்ததை யாரோ மேலே இருந்து எழுதியதாக இன்னொரு மனிதன் ஏற்றுக்கொள்ளும்போது, செய்தவனுக்கு எவ்வளவு வசதியாகிவிடுகிறது! அந்த வசதியில் சாய்ந்து உட்கார்ந்து அவன் முகாம்வரை வந்தான்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் அறைக்குப் போனான். பூல்ராம் கட்டிலோரம் உட்கார்ந்து, வாளியில் உப்புத்தண்ணீர் வைத்துக் கால்களை உள்ளே விட்டிருந்தான். தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. நாளைக்கு அந்தக் காலை பூட்ஸுக்குள் நுழைக்க முடியாது. பூட்ஸ் இல்லாமல் வேலைத்தளத்துக்குள் விடமாட்டார்கள், ஒருநாள் கூலி போகும், வராதவர் பட்டியலில் கையெழுத்துப் போடப்போவது பூர்ணமான்தான். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. முள்ளங்கி ஊறுகாயின் வாசனை அறையை நிறைத்திருந்தது. சொல்லவேண்டும் என்ற முடிவோடு அவன் அங்கே போகவில்லை. காலுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனான்.

நரஜித்தான் பேச்சை எடுத்தான். தடுப்போரம் கத்தியதற்காக அவன் கூச்சப்பட்டான். “நான்தாண்ணே புத்தியில்லாம உங்ககிட்ட கார்டு கேட்டேன். கார்டு பஸ்ஸுல மாட்டிக்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? ஓடறப்ப மடியிலயா வச்சிருப்பீங்க?”

ஒருவரும் கேட்காமலே அவர்கள் அவனுக்கு ஒரு நியாயத்தைத் தயாரித்து வைத்திருந்தார்கள். பதினான்கு பேர் மணலில் நடந்துகொண்டே சேர்ந்து செய்தது. அவன் தலையாட்டினால் போதும். பதினைந்து வருடத்து ‘அண்ணே’ அப்படியே நிலைக்கும்.

“பஸ்ஸுல இல்ல” என்றான் பூர்ணமான். “என் இடுப்புலதான் இருந்துச்சு. நீ கேட்டப்பவும் இருந்துச்சு. இறங்கறப்பதான் உறையில மாத்தினேன், நீங்க பாக்கக் கூடாதுன்னு.”

கரண்டி போட்டுக் கிளறிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். நரஜித் சிரிக்கத் தொடங்கி, அது வேடிக்கைப் பேச்சில்லை என்று புரிந்து, வாயை மூடிக்கொண்டான். பூர்ணமான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துப் பார்த்தான். அதைக் கேட்பதுகூட அவர்களிடமிருந்து இன்னொன்றை வாங்குவதாகத் தோன்றியது. கேட்கவில்லை. இனிமேல் யார் அட்டையையும் தான் வாங்கப்போவதில்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னான்.

பூல்ராம் தலைநிமிராமல் கேட்டான்.

“எங்களுக்கு எடுத்துக் குடுக்க எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?”

“ரெண்டு நிமிஷம்.”

“உன் நேரம் என்ன?”

“மூணு அம்பத்தொம்பது. பன்னெண்டு செகண்டு.”

பூல்ராம் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கூட்டிப் பார்த்தான். அவன் உதடுகள் அசைவது தெரிந்தது.

“அப்ப நின்னிருந்தா நாலு மணியத் தாண்டியிருக்கும்.”

“ஆமா.”

“சரி” என்றான் பூல்ராம். “கணக்கு புரிஞ்சிடுச்சு.”

கோபம் இல்லாத குரல் அது. ஒரு தூணுக்கு எத்தனை கம்பி என்று சரிபார்த்த பிறகு அவன் பேசுகிற அதே குரல். பூர்ணமான் அடியையும் வசவையும் தாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தான். இதற்குத் தயாராக இல்லை.

அதற்கப்புறம் அவரவர் தட்டை எடுத்தார்கள். சோறு பங்கிடத் தொடங்கினார்கள். அவன் கதவுப் பக்கம் நகர்ந்தபோது, பூல்ராம் அடுப்பருகே இருந்தவனிடம், “அவருக்கும் ஒரு தட்டு போடு” என்றான். பசித்தவனை நிற்கவைத்துக்கொண்டு சாப்பிடுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அதற்கு மேல் அந்தப் பேச்சில் ஒன்றும் இல்லை.

பூர்ணமான் தரையில் உட்கார்ந்தான். காலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைத் தவிர அவன் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேண்டாம் என்று எழுந்து போகவேண்டும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. கை பருப்பைச் சோற்றில் பிசைந்தது. யாரும் அவனைப் பார்க்கவில்லை. அவன் தட்டில் போட்டதை முழுவதும் தின்றான்.