ஓட்டை போட்ட மூடி

மின்சாரம் தரும் பாக்டீரியா வேண்டுமென்றால் முதலில் நாறும் சேறு வேண்டும். என் பல்கலைக்கழக ஆய்வுக்கு அதைக் கொண்டுவந்தவர் அண்ணன். மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம், பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறார். ஆலையில் அனுமதி கேட்டு, கழிவுநீர்க் குளத்தின் அடிச்சேற்றை ஒரு பிஸ்கட் டின் நிறைய அள்ளி, ஈப்போவில் என் வாடகை வீட்டுக்கே கொண்டுவந்தார்.

மூடி முழுக்க ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"எதுக்குண்ணே இது?"

"உசுருள்ளதுன்னு நீதானே சொன்ன? மூச்சு முட்டிச் செத்துப்போயிரும்லா."

இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்றுதான் ஆகாது. "கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். அவர் லோரியில் ஏறிப் போய்விட்டார்.

மேல்சேறு வெளுத்திருந்தது. கரண்டியை ஆழமாக விட்டேன். அடியில் காற்றுப் படாத சேறு கன்னங்கரேலென்று நாறிக்கொண்டிருந்தது. அதை ஜாடியில் போட்டுக் கம்பி இணைத்தேன். மூன்றாவது வாரம் மீட்டரில் எண் ஏறியது. முதல் போன் அண்ணனுக்குத்தான். மன்னிப்புக் கேட்டேன். பாக்டீரியாவுக்கு வாரம் ஒருமுறை தீனி போட வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

படிப்பு முடிந்ததும் அதே போன்ற ஆலைகளில் கழிவுநீரைச் சுத்தம் செய்து, அதிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வேலைக்குப் போக ஆசை. எப்போது வேலை, எவ்வளவு சம்பளம் என்று சொந்தக்காரர்கள் துளைக்கிறார்கள். அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் கூப்பிடுவார்.

"அதுங்களுக்குச் சாப்பாடு போட்டியா?"

"போட்டேண்ணே."

"நீ சாப்ட்டியா?"

பெரும்பாலும் அப்போதுதான் எனக்குப் பசியே தெரியும்.