செம்பியன் நகர்ப் பூங்காவும் ஓர் அம்மிக் குழவியும்

அரியமங்கலம் தாண்டி, பட்டறைகளுக்குப் போகும் ரோட்டில் இருக்கிறது செம்பியன் நகர். அங்கே அழகம்மாளைத் தெரியாதவர் இல்லை. அவளிடம் திட்டு வாங்காதவரும் இல்லை. குப்பை வண்டி தாமதமாக வந்தால் திட்டுவாள், குழாயில் தண்ணீர் சீக்கிரம் நின்றால் திட்டுவாள். வாய்தான் அப்படி, மனசு தங்கம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் மனசும் கொஞ்சம் அப்படித்தான். கணவர் நவநீதன் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கோபம் வராது, பயம் வரும்.

நவநீதன் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிவந்த கையோடு பக்கவாதம் வந்து, இடது கால் இழுத்துக்கொண்டது. "தினமும் நடக்கணும். நடையை விட்டீங்கன்னா அப்புறம் கட்டில்தான்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கே நடப்பது? செம்பியன் நகரில் தெரு என்று இருப்பது லாரி போகிற ரோடுதான். ஒரு பக்கம் மூடாத சாக்கடை, இன்னொரு பக்கம் இரும்பு ஏற்றிய லாரிகள், நடுவில் கைத்தடியோடு நவநீதன்.

மனை பிரித்தபோதே பூங்காவுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு வேப்பமரமும் முள்செடிகளுமாக அது அழகம்மாள் வீட்டுக்கு எதிரிலேயே கிடந்தது. அதற்கு ஒரு சுற்றுச்சுவர், உள்ளே நடக்கப் பாதை, உட்கார இரண்டு பெஞ்சு. அவ்வளவுதான் அவள் கேட்டது. கேட்பதற்கு அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பமாட்டாள். மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் அறை வாசலிலேயே டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள். பொறியாளர் ஸ்ரீநாத் ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர். சின்ன வயசு, நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. எரிச்சல்படத் தெரியாத பிள்ளை.

"ஃபண்ட் வரட்டும்மா. வந்தா முதல் பார்க் உங்களுக்குத்தான்."

"நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள வந்துடுமா தம்பி?"

அவர் சிரிப்பார். இவள் அடுத்த திங்கட்கிழமையும் போவாள்.

ஃபண்டுக்கு முன்னால் மருதை வந்தார். பூங்கா இடத்தை ஒட்டித் தகர ஷீட் கோடவுன் வைத்திருப்பவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். முதலில் பழைய ஷீட்டுகளை வேப்பமரத்தில் சாய்த்துவைத்தார். பிறகு அவருடைய கம்பிவேலி மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. குடியிருப்போர் சங்கம் 'பூங்கா இடம்' என்று போர்டு வைத்தது. ஒரே மழையில் போர்டைக் காணோம். கேட்டதற்கு, "காத்து அப்படிங்க," என்றார் மருதை.

சங்கம் அழகம்மாள் வீட்டு மொட்டைமாடியில் கூடியது. வழக்குப் போடலாம் என்றார்கள், போலீசுக்குப் போகலாம் என்றார்கள். அழகம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆபீசருக்குப் பயப்படாதவன் ஆத்தாளுக்குப் பயப்படுவான். ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசுங்க. எவன் கை வைக்கிறான்னு பார்த்துடலாம்."

சங்கச் செயலாளர் அறிவுமதி கருப்புச் சட்டைக்காரர், கோயில் வாசலை மிதிக்காதவர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஃபண்ட் வர்ற வரைக்கும்தானேக்கா? வந்ததும் பிடுங்கிப் போட்டுடலாம்," என்றார். கடப்பாரையோடு வந்து குழி தோண்டியதும் அவர்தான்.

கல்லுக்கு எங்கும் அலையவில்லை. மிக்ஸி வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்த அம்மிக் குழவியை அழகம்மாள் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அதை வேப்பமரத்தடியில் நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றிக் கற்பூரமும் கொளுத்தினாள். வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நவநீதனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தேங்காச் சட்னி அரைச்சவளுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றார், குழறிக் குழறி.

வேலை செய்தது. மருதை வந்து பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார். சாயங்காலமே ஷீட்டுகளைக் காணோம். வேலியும் பழைய இடத்துக்குப் போய்விட்டது. தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை.

ஒரு நாள் விடிந்து பார்த்தால் குழவிக்கு முன் விளக்கு எரிந்தது. சங்கத்தில் யாரும் ஏற்றவில்லை. பிறகு கண்ணாடி வளையல்கள் வந்தன, ஒரு சூலம் வந்தது, சூலத்தின் முனையில் எலுமிச்சம்பழம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் முகம் தெரியாத ஆட்கள் பைக்கில் வந்து இறங்கி, பேசாமல் நின்றுவிட்டுப் போனார்கள். கல் வளர்கிறது என்று ஒரு பெண் சத்தியம் செய்தாள்.

"அது எங்க வீட்டு அம்மிக் குழவிம்மா," என்றாள் அழகம்மாள்.

அந்தப் பெண் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "முதல்ல உங்க வீட்டிலதான் இருந்தாளா!" என்று இவள் காலைத் தொடக் குனிந்தாள். அழகம்மாள் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

மருதை மறுபடி வந்தார், இந்த முறை மாலையோடு. தன் கோடவுன் தகரத்திலேயே கூரை போட்டார். உண்டியல் வைத்தார். இடம் முழுவதையும் சுற்றி வேலி அடித்து, கேட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். 'எல்லைகாத்தாள் ஆலயக் கமிட்டி' என்று பெரிய போர்டு ஏறியது. அறிவுமதி நியாயம் கேட்கப் போனார். "குழி தோண்டினவரே நீங்கதானே சார்? உங்க பேரையும் கமிட்டியில போட்டுடவா?" என்று மருதை பணிவாகக் கேட்டார். அதற்குப் பிறகு அறிவுமதி அந்தப் பக்கம் தலை திருப்புவதில்லை.

நவநீதன் ரோட்டிலேயேதான் நடந்துகொண்டிருந்தார். ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்ததில் மிரண்டு, கால் பின்னிச் சாக்கடையில் விழுந்தார். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். "இப்போதைக்கு எதுவும் சொல்றதுக்கில்லைம்மா," என்றார்கள்.

மாற்றுத் துணி எடுக்க வந்த அழகம்மாள் வீட்டைத் திறக்காமல் எதிரே போனாள். யாரும் இல்லை. பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் மிளகாய் அரைத்த கல்லைப் பார்த்து அழுதாள். அது என்ன கல் என்று உலகத்தில் யாரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாய் கேட்டது. "அவரைக் கொடுத்துடு ஆத்தா. உன்னை இந்த இடத்தை விட்டு யாரும் அசைக்காமப் பார்த்துக்கிறேன்." முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கம்பியில் முடிந்தாள்.

நவநீதன் கண் விழித்தார். மருந்து கேட்டது என்றார் டாக்டர். அழகம்மாளும் தலையாட்டினாள். வேண்டிக்கொண்டதை அவரிடம்கூடச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது.

மாசியில் ஃபண்ட் வந்தது. ஸ்ரீநாத்தே போன் செய்தார். "சொன்ன வார்த்தையைக் காப்பாத்திட்டேன்மா. நாளைக்கு அளக்க வரோம்."

வந்தவர் வேலியையும் கூரையையும் பார்த்துத் திகைத்து நின்றார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது, பாதிப் பேர் பைக் ஆட்கள். "கோயில் இருக்கிற இடத்தில பார்க் கட்ட முடியாதும்மா. இடம் காலின்னு இன்னிக்கு நான் ரிப்போர்ட் கொடுத்தாகணும். இல்லேன்னா ஃபண்ட் வேற வார்டுக்குப் போயிடும்," என்றார் தாழ்ந்த குரலில்.

"இது கோயிலே இல்லை தம்பி. நான் நட்ட குழவி. இந்தத் தெருவே சாட்சி."

தெரு வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்ற அறிவுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதைக்குக் கோபமே வரவில்லை. நிதானமாகப் பூட்டைத் திறந்து கேட்டை அகலத் தள்ளினார். "அம்மா சொல்றது நிஜம்தாங்க. இவங்க கையாலதான் ஆத்தா வந்து உட்கார்ந்தா. இவங்களே எடுத்தா நாங்க யாரும் தடுக்கமாட்டோம். எடுங்கம்மா." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "எடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க. ஐயா நேத்துக்கூடத் தனியா ரோட்டில நடந்துட்டிருந்தாரு. பார்த்தேன்."

அழகம்மாள் உள்ளே போய் மண்டியிட்டுக் குழவியைப் பிடித்தாள். எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டியது. சிமென்ட் வைக்கவில்லை, ஓர் அசைப்பில் வந்துவிடும். நிமிர்ந்து பார்த்தாள். எதிர் வாசலில் நவநீதன் கைத்தடியை ஊன்றி நின்று, அவள் குழவியைத் தூக்கிக்கொண்டு வரப்போவதைப் பார்க்கச் சிரித்தபடி காத்திருந்தார். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை.

மருதையைக் கண்டு அவள் பயப்படவில்லை. மருதையைப் போல நாலு பேரைத் திட்டி விரட்டியிருக்கிறாள். ஆனால் நாளைக்கு இவர் மறுபடி விழுந்தால்? வாக்குக் கொடுத்தது இவள் வாய். கல்லைப் பிடுங்கிவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கல்லை வெறுத்தாள், அதைவிடத் தன்னை வெறுத்தாள். பிடித்திருந்த கைகள் எப்போது வழுக்கி வந்து கூப்பிக்கொண்டன என்று அவளுக்கே தெரியவில்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். மருதை குங்குமத் தட்டை முதலில் அவளிடம்தான் நீட்டினார். அவள் எடுத்துக்கொண்டாள். ஸ்ரீநாத் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "வரேன்மா," என்று வண்டியில் ஏறினார்.

"எங்கே, குழவியைக் கொண்டு வரலையா அழகு?" என்று கேட்டார் நவநீதன்.

"கனமா இருந்துச்சுங்க."

அதை அவள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். நெற்றிக் குங்குமத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, நான் நடந்துட்டு வந்துடறேன்," என்று ரோட்டில் இறங்கினார். பட்டறை லாரிகள் வர ஆரம்பித்திருந்தன. அழகம்மாள் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய், லாரி வருகிற பக்கமாக அவரோடு நடந்தாள்.